தண்டோரா போட வரமாட்டோம்

விழிப்புணர்வு என்ற சொல்லோடு யாராவது எங்கள் தெருவுக்குள் வந்தால், அவர் யாரைத் தூங்குகிறவர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார் என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம். இந்தச் சந்தேகம் எங்களுக்குச் சும்மா வந்ததல்ல.

2022 ஆகஸ்டில், தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போட்டு மக்களுக்குச் செய்தி சொல்லும் வழக்கம் இனி இருக்கக் கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்பது அதன் சாரம். நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் 'பொதுமக்களுக்கு அறிவித்தல்' என்ற வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு அந்தக் கடிதமே சான்று. வரி கட்டச் சொல்லி, ஏலம் விடுவதாகச் சொல்லி, ஏரி உடையப் போகிறது என்று சொல்லிப் பறையடித்துப் போனவர் சேரிக்காரர். அந்த ஏரி யாருடையது, மதகை யார் திறப்பது என்று ஊர் கூடிப் பேசுகிற இடத்தில் அவருக்கு உட்கார இடமில்லை. செய்தி ஊருடையது, தொண்டை மட்டும் நம்முடையது.

காலநிலை மாற்றத்தைப் பற்றி மக்களுக்குக் கற்பிக்கப் போகிறோம் என்று உலக நாடுகள் கூடித் திட்டம் போடும்போது எங்களுக்கு இந்தத் தண்டோராதான் நினைவுக்கு வருகிறது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 1992-இல் ரியோவில் நாடுகள் கையெழுத்திட்ட அய்.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவே கல்வி, பயிற்சி, பொதுமக்கள் விழிப்புணர்வு பற்றியதுதான். அதை நடைமுறைப்படுத்தப் போடப்பட்ட முதல் செயல்திட்டத்துக்குப் புதுதில்லி என்றே பெயர். 2002-இல் தில்லியில் நடந்த மாநாட்டில் பிறந்தது அது. 2012-இல் தோகாவில் எட்டாண்டுத் திட்டம். 2015-இல் இதற்கெல்லாம் 'காலநிலை அதிகாரமளிப்புக்கான செயல்பாடு' என்று புதுப்பெயர். அதே ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு. 2021-இல் கிளாஸ்கோவில் பத்தாண்டுத் திட்டம். ஒவ்வொரு நாடும் இதற்கென ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இந்த விசயத்தில் ரியோவைவிட மூத்த கதை ஒன்று உண்டு. எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பாடமாக்கு, திரையரங்கில் சிலைடு போடு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல் என்று உத்தரவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதித்தான் நீங்களும் நாங்களும் வந்திருக்கிறோம். நம் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் ஏன் வருகிறது என்று அதில் ஒரு பக்கத்திலாவது இருந்ததா?

தோழர்களே, சர்வதேச ஆவணங்களைப் படிக்காமல் ஒதுக்காதீர்கள். அவற்றில் நமக்குப் பயன்படுகிற வரிகள் இருக்கின்றன. இந்தத் திட்டத்துக்கு ஆறு கூறுகள் சொல்லப்பட்டிருக்கின்றன: கல்வி, பயிற்சி, விழிப்புணர்வு, பொதுமக்கள் பங்கேற்பு, தகவலைப் பெறும் உரிமை, நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு. இதில் கல்வியும் விழிப்புணர்வும் மட்டும் எல்லா ஊருக்கும் வந்து சேரும். ஓவியப் போட்டி, மரக்கன்று, மஞ்சப்பை, உறுதிமொழி, குழுப்படம். நான்காவதும் அய்ந்தாவதும் வருவதே இல்லை. ஏனென்றால் அவை வந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கோவிலம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு மாவட்டத்தில், புனித தோமையார் மலை ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்ட ஊர். மேடவாக்கம் பிரதான சாலையும் 200 அடி ரேடியல் சாலையும் சந்திக்கிற இடம். சந்திப்பில் நின்று பார்த்தால் கடைகளும் மேம்பாலமும் அடுக்குமாடிகளும்தான் தெரியும். ஆனால் இது தண்ணீர் நடந்து போகிற பாதை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலைச் சேரும். பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கப் போட்ட அந்த ரேடியல் சாலை, வழியில் ஏரிகளையும் சதுப்பையும் வெட்டிக்கொண்டுதான் போகிறது.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை மழைக்காலத்துக்கு முன்னால் இந்தப் பாதை நெடுக நடத்திக் கூட்டிப்போனோம். கலங்கல் எது, போக்குக் கால்வாய் எது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் கூட வந்த ஒரு பாட்டி. பள்ளிக்கூடம் போகாதவர். எந்த இடத்தில் கால்வாய் பத்தடியாக இருந்து மூன்றடியாகச் சுருங்கியது, எந்த மனையின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் அது காணாமல் போனது என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். அந்த வகுப்பில் யார் ஆசிரியர் என்று நாங்கள் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த அறிவு தற்செயலாக வந்ததும் அல்ல. ஏரிப் பாசனம் நடந்த காலத்தில் மதகைத் திறந்து மூடி, வயல் வயலாக நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சியவர்கள் நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்காரர் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் இருந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் சேரியைச் சேர்ந்தவர்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அறிந்தவருக்குச் சொந்தமாக ஒரு வயல் கிடையாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். இந்த மாவட்டத்துப் பறையர்களுக்கு நிலம் ஏன் இல்லை, அதனால் அவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் அதன் பொருள். அதையொட்டித்தான் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அந்த நிலங்கள் பறிபோனதை எதிர்த்து, இதே செங்கல்பட்டுப் பகுதியில், மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நிலமில்லாதவரிடம் வந்து 'வீட்டுக்கு ஒரு மரம் நடுங்கள்' என்று சொல்கிற விழிப்புணர்வைப் பற்றி வேறு என்ன சொல்ல? எங்கே நடுவது?

இப்போது சதுப்பு நிலத்துக்கு வருவோம். 2022-இல் பள்ளிக்கரணை ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. 1,247.54 ஹெக்டேர். அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். மகிழ்ச்சிதான். ஆனால் இது பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்த ஒரு சதுப்பின் மிச்சம். அதன் ஓரத்தில் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் அங்கேதான். காலநிலைக்கான அறிவியலை வளர்க்கிற இரண்டு அரசு நிறுவனங்களுக்கு நாடு தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடம் வெள்ளம் தேங்க வேண்டிய பகுதி. இன்னொரு புறம் பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்தபோது, புகையை விழுங்கியவர்கள் சுற்றி இருந்த எல்லோருமே. அதற்குள் இறங்கிக் குப்பை பொறுக்கி வாழ்கிறவர்கள் எல்லா நாளுமே அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

தெற்கே பெரும்பாக்கம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளின் மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு கரை புரண்டது. அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே பிற்பாடு சொன்னது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. ஏரி திறக்கிற இரவில் ஆற்றோரக் குடிசைக்கு உரிய நேரத்தில் செய்தி போய்ச் சேர்வது, அய்.நா. மொழியில் சொன்னால், 'தகவலைப் பெறும் உரிமை'. நம் நாட்டில் அது எப்படி நடந்தது என்று தெரியும். அதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. ஆற்றங்கரை ஆபத்தான இடம் என்று சொல்லி, நகரத்தின் நடுவில் வேலையும் பள்ளியும் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி, சதுப்பை ஒட்டிய தாழ்வான பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளக் காட்டில் குடிவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த மக்கள் மறுபடியும் தண்ணீருக்கு நடுவே. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகப் போய் யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நகரத்தின் சேரி எங்கே மாற்றி வைக்கப்பட்டது என்று வரைபடம் இல்லாமலே தெரியும்.

நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஓலைக் குடிசையைக் கண்டதும் நினைவுக்கு வருகிற அந்தச் சட்டம், கண்ணாடிக் கட்டடத்தைக் கண்டால் மறந்துபோகிறது. விழிப்புணர்வு யாருக்குத் தேவை?

வெள்ளம் வடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம். 2015-இல் சென்னையின் சேற்றையும் குப்பையையும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கூட்டிவந்தார்கள். கையுறையும் காலணியும் இல்லாமல் அள்ளியவர்கள் பலர். அவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அய்.நா. திட்டத்தில் இரண்டாவது கூறு 'பயிற்சி'. சூரியத் தகடு பொருத்தப் பயிற்சி, கார்பன் கணக்கு எழுதப் பயிற்சி. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நகரத்தை மறுபடி வாழத்தக்கதாக ஆக்குகிற தொழிலாளிக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அவர் செய்வது காலநிலை வேலை என்றே யாரும் கருதுவதில்லை. பாதுகாப்புக் கருவி, நிரந்தர வேலை, மலக்குழிக்குள் மனிதர் இறங்காத இயந்திரம் ஆகியவை காலநிலைப் பயிற்சித் திட்டத்துக்குள் வரட்டும் என்று நாங்கள் கேட்கிறோம்.

இன்னொரு எடுத்துக்காட்டு. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டு மேடையில் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் பேசினார். கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெண்ணின் உழைப்பைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உலகம் அதை எப்படிப் பார்த்தது என்பதுதான் எங்கள் கவலை. கரிப்புகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தெருமுனையில் நாள் முழுக்க நின்று பிறர் துணியைத் தேய்க்கிற வேலை, காலங்காலமாக வண்ணார் சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட வேலையின் தொடர்ச்சி என்பது யார் கண்ணிலும் படவில்லை. வண்டிக்குச் சூரிய ஒளி வந்துவிடும். வண்டியின் பின்னால் நிற்பவரின் மகனும் அங்கேயேதான் நிற்பானா என்ற கேள்வி எந்தக் காலநிலைப் பாடத்தில் வரும்?

வராததற்குக் காரணம் மேலிருந்தே தொடங்குகிறது. பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையில் பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்கள், புலம்பெயர்ந்தோர், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் உரிமைகளும், பெண்களின் அதிகாரமும் சொல்லப்பட்டிருக்கின்றன. சாதி என்ற சொல் இல்லை. காலநிலைப் பேச்சுவார்த்தையில் பார்வையாளராக உட்கார வணிகர், சூழல் அமைப்புகள், விவசாயிகள், பழங்குடிகள், உள்ளாட்சிகள், ஆய்வாளர்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள், இளைஞர் என்று ஒன்பது தொகுதிகள் உண்டு. பிறப்பால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு நாற்காலி இல்லை. 2001-இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது சாதியை அங்கே பேசக் கூடாது, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எவ்வளவு முட்டுக்கட்டை போட்டது என்பதை மூத்த தோழர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி இருந்தும் அங்கே போய் நின்று நம்மவர்கள் குரல் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டே, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று அய்.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் எழுதியது. ஆக, வழி இருக்கிறது. காலநிலைக் கல்விக்கான சர்வதேசத் திட்டத்திலும் அந்தச் சொல்லை எழுத வைக்க முடியும். நேபாளத்திலும் வங்கதேசத்திலும் இலங்கையிலும் பிறப்பால் ஒடுக்கப்பட்டவர்கள் வெள்ளத்திலும் புயலிலும் நம்மைப் போலவே நிற்கிறார்கள். ஆறாவது கூறான 'நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு' என்பதை நாங்கள் இப்படித்தான் படிக்கிறோம்.

சில தோழர்கள் எங்களிடம் கேட்கிறார்கள்: சாதிக் கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போது காலநிலை நமக்கு எதற்கு, அது மேல்தட்டுக் கவலை அல்லவா என்று. நியாயமான கோபம். ஆனால் 1927-இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் கை வைத்தது ஒரு குளத்துத் தண்ணீரில்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டதும் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில்தான். தண்ணீர் குறையக் குறைய, தண்ணீரின் மீதான சாதி கூடும். 2019 கோடையில் சென்னை காய்ந்து, சோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் கோவிலம்பாக்கம் போன்ற தென்புறநகர் ஊர்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் நகரத்துக்குப் போனது. கிணறு யாரிடம் இருந்ததோ அவரிடம் பணம் வந்தது. கிணறு இல்லாதவர் வீட்டுக் கைப்பம்பில் காற்று வந்தது. இது மேல்தட்டுக் கவலையா?

அம்பேத்கரை இங்கே பெயருக்காக இழுக்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உள்ளிட்ட இந்தியாவின் நீர்க் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர் அவர். வெள்ளத்தைப் பற்றித் திட்டமிடுகிற மேசையில் உட்கார்ந்தவர். இந்தப் பகுதியை ஏன் நம் பாடநூல் ஓரிரு வரியோடு கடந்துபோகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விசயம்.

2025 தொடக்கத்தில், பள்ளி மாணவர்களுக்குக் காலநிலைக் கல்வியறிவு ஊட்டத் தனிக் கொள்கை கொண்டுவரப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். 2024-லேயே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்திருந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை.  அந்தக் கொள்கையை எழுதுகிறவர்களிடம் நாங்கள் சொல்ல விரும்புவது, பாடத்தைப் பிள்ளையின் சொந்த ஊர் ஏரியில் தொடங்குங்கள் என்பது. வெப்ப அலையைப் பற்றிய பாடத்தில் செங்கல் சூளையும் கட்டட வேலையும் இருக்கட்டும். நிவாரண முகாமில் யார் எந்த மூலையில் தங்க வைக்கப்பட்டார்கள் என்ற கேள்வியும் இருக்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தலித்துகளுக்கு நிவாரணத்திலும் முகாமிலும் காட்டப்பட்ட பாகுபாடு பதிவாகியிருக்கிறது, அதைப் பாடநூலில் வைக்கலாம். சேதக் கணக்கில் சாதிவாரி எண்ணிக்கை இல்லாமல் எடுக்கிற எந்தக் கணக்கையும் நாங்கள் முழுக் கணக்காக ஏற்கப் போவதில்லை. 'தகவமைப்பு', 'தணிப்பு' என்று பிள்ளைகளை மிரட்டாமல் கலங்கல், மதகு, தாங்கல், மடுவு என்ற சொற்களை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியின் பரப்பு வருவாய்ப் பதிவேட்டில் எவ்வளவு, இன்று அளந்தால் எவ்வளவு, உபரிக் கால்வாயின் அகலம் என்ன, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எவ்வளவு செலவு? பத்து ரூபாயில் கேட்கலாம். கோவிலம்பாக்கம் போன்ற ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு, ஆண்டுக்கு ஆறு முறை. மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர்களில் கிராம சபை போய்விடும். 2022-க்குப் பிறகு அங்கே பகுதி சபை இருக்கிறது, அதையும் விடாதீர்கள். அந்த ஆறில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பெரும்பாலும் உறுதிமொழி வாசித்து முடித்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பத்துப் பேராகப் போங்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். கால்வாயைப் பற்றிய கேள்வியை எழுதியே கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் கேட்டது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று உரக்கப் படித்துப் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.